பன்னிரண்டு நாள் எழுத்துப்பிழை அல்ல

“மெஷின் ஏதோ தப்பு பண்ணிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இன்னாத்துக்குமா நீ உண்மைய சொன்ன?” என்று முந்தாநாள் போனில் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். இதை உன் வாட்ஸ்அப்பில் போடவில்லை. என் வாசிப்புப் பதிவு இருக்கிற இடத்திலேயே, புத்தகப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ மறைத்தது அந்த இடத்தில்தான், அதனால் நான் பேசுவதும் அங்கேதான். கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்குத் தாய் ஊரறிய இப்படி எழுதலாமா என்று நீ நினைப்பாய். எழுதுவேன். நீ ஆத்திரத்தோடு படித்தாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் படி.

இந்தப் பதிவு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. லைட்ஹவுஸ் குப்பத்தில் நெத்திலி காயவைக்கிறவள் நான். மணலில் வலையை விரித்து மீனைப் பரப்பிவிட்டால் பொழுது சாயும்வரை காக்காய் ஓட்ட வேண்டும். ஒரு கையில் கோல், மடியில் நூலகத்துப் புத்தகம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்களே தவிர, படிக்கிறதை யாரும் நிறுத்த முடியவில்லை. முடித்த புத்தகத்தின் பெயரையும் எனக்குத் தோன்றிய இரண்டு வரியையும் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, கம்பியில் குத்தி வைப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தபோது கம்பியோடு எல்லாம் நனைந்து மை கரைந்து போனது. நான் அழவில்லை. ஆனால் நீ அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் துணி உலர்த்துகிற மாதிரி உலர்த்திப் பார்த்தாய். ஒன்றும் தேறவில்லை. “இனிமே நனையாத எடத்துல எழுதலாம்மா” என்றாய்.

அடுத்த தடவை சென்னையிலிருந்து வந்தபோது என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, கம்ப்யூட்டர் வேலையில் நீங்கள் புரோகிராம் எழுதிப் போட்டு வைக்கிற மாதிரி ஓர் இடம் உண்டாக்கினாய். அதற்கு ரெப்போ என்று பெயர் சொன்னாய். என் போனில் ஒரு படிவம் வரும். புத்தகத்தின் பெயர், எழுதியவர், பின்னட்டையில் கோடுகோடாக இருக்கும் இடத்தில் அச்சிட்ட எண், முடித்த தேதி, என் வார்த்தை. நிரப்பி அனுப்பினால் மீதியெல்லாம் தானாக நடக்கும். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்து அட்டைப் படத்தையும் பக்கக் கணக்கையும் தேடி எடுத்து, பட்டியலில் சேர்த்து, பக்கத்தைப் புதுப்பித்துவிடும். சரியாக முடிந்தால் பச்சை டிக், எங்கேயாவது இடறினால் சிவப்புப் பெருக்கல். “இதுக்கு வொர்க்ஃப்ளோன்னு பேரு” என்றாய். எனக்குப் பெயரைவிட அந்தப் பச்சை டிக் பிடித்திருந்தது. நான் படித்ததை யாரோ வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்ற நிம்மதி அதில் இருந்தது.

முதல் மாதமே சிவப்பு விழுந்தது. நூலகத்துப் பழைய புத்தகங்கள் பாதிக்கு மேல் பைண்டு பண்ணியவை. பின்னட்டையே கிடையாது, எண்ணுக்கு எங்கே போவது? நீ போனில், “நம்பர் இல்லாத புக்க விட்டுடும்மா” என்றாய். “நான் படிச்சத படிக்கலன்னு சொல்ல அது யாரு?” என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் விடவில்லை. உன் ரெப்போவுக்குள் போய், பட்டியல் இருக்கிற கோப்பைத் தேடி, பென்சில் படத்தைத் தொட்டுத் திறந்தேன். மேலே இருக்கிற வரிகளைப் பார்த்து அதே மாதிரி கீழே நானே கையால் எழுதிச் சேர்த்தேன். ஒரு கமா விட்டுப்போனதில் பக்கம் முழுக்கக் காணாமல் போனது. ஆபீஸிலிருந்து நீ கத்தினாய். மறுநாள் நெத்திலிக்கு நடுவில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து அந்தக் கமாவை நானே கண்டுபிடித்துப் போட்டேன். பச்சை விழுந்தது. அடுத்த வாரம் எண் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும்படி நீ வொர்க்ஃப்ளோவை மாற்றி எழுதினாய். தோற்றுப்போனேன் என்று நீ சொல்லவில்லை, ஜெயித்தேன் என்று நானும் சொல்லிக்காட்டவில்லை. அது நம் இருவருக்கும் நல்ல காலம்.

போன வருஷம் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் படித்தேன். மலைநாட்டுக் கதை. அதில் ஒருத்தி அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவாள், திரும்பவே மாட்டாள். அதற்கு என் வார்த்தையாக நான் எழுதியது இது: “இவள் போனதைப் படித்தபோது என் ஞாபகம் வந்தது. நானும் ஒருமுறை போனேன். மீன் ஏலம் விடுகிற இடத்தில் எல்லோர் முன்னாலும் என் புருஷன் என்னை அறைந்தார். நாலு பேர் சிரித்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் பசியாவரத்தில் அக்கா வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தேன். இவள் திரும்பவில்லை. நான் திரும்பினேன். இரண்டும் சரிதான்.”

இதைத்தான் நீ பதிவிலிருந்து எடுத்துவிட்டாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற கீர்த்தனாவின் அப்பா அம்மா கல்யாணம் பேசி முடிக்க வருவதற்கு முந்தின நாள். அவள் அப்பாவுக்கு என் பக்கத்தை அனுப்பி, “எங்கம்மா படிக்கிற லிஸ்ட் சார் இது” என்று பெருமையாகச் சொன்னாய் என்று அவர் வாயாலேயே கேட்டேன். பெருமைப்பட்டது நிஜம், எனக்குத் தெரியும். ஆனால் பெருமைப்படுவதற்கு முன்னால் என்னைக் கொஞ்சம் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது. பொன்னேரிப் பக்கத்துக் கழனிக்காரர்கள் நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் பொரித்த மடவை மீனை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். நான் சந்தோஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீர்த்தனா தனியாக வந்தாள். உனக்குச் சொல்லிவிட்டு வந்தாளா என்று நான் கேட்கவில்லை. நேராகக் கடற்கரைக்கு வந்து, வலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, என் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டாள். காக்காயைச் சரியாகத்தான் ஓட்டினாள், நெல் காயப்போடுகிற வீட்டுப் பெண். கொஞ்ச நேரம் கழித்து, “அத்த, அந்தப் பன்னெண்டு நாளக் காணமே” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. போன வருஷம், நீங்கள் வெறும் சிநேகிதர்களாக இருந்தபோதே, நீ என் பக்கத்தை அவளுக்குக் காட்டியிருக்கிறாய். அன்றைக்கே முழுவதும் படித்திருக்கிறாள். அந்த ஒரு குறிப்பை மட்டும் நாலைந்து தடவை படித்தாளாம். இப்போது நிச்சயமான பிறகு அவள் அம்மாவுக்குக் காட்டலாம் என்று திறந்தால் புத்தகத்தின் பெயர் இருக்கிறது, அட்டைப் படம் இருக்கிறது, என் வார்த்தை இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. “நீங்களே எடுத்துட்டீங்களா அத்த?” என்று கேட்டாள். “இல்லியே” என்றேன். போனை எடுத்து, ஹிஸ்டரி என்கிற இடத்துக்குப் போனேன். நீ சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் கமாவைத் தேடிய நாளில் நானாகக் கற்றது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அது ஒன்றுவிடாமல் வைத்திருக்கும். சிவப்புப் பட்டையில் என் ஆறேழு வரிகள், முன்னால் ஒரு கழித்தல் குறி. மேலே உன் பெயர். பக்கத்தில் மாற்றியதற்கான காரணம் என்று நீ எழுதியிருந்தது: எழுத்துப்பிழை திருத்தம்.

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கன்னத்தில் விழுந்த அறை, சிரித்த முகங்கள், நான் ஏறிப்போன படகு, அக்கா வீட்டுச் சுவரோரம் நான் படுத்திருந்த பன்னிரண்டு நாள், எல்லாம் சேர்ந்து ஓர் எழுத்துப்பிழை.

“அவரா?” என்று கீர்த்தனா கேட்டாள். நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் அப்போது சொல்லியிருக்கலாம். போன் திரை என் பக்கம்தான் இருந்தது. இந்த வொர்க்ஃப்ளோ இப்படித்தான் அடிக்கடி எதையாவது முழுங்கும் கண்ணு என்றால் நம்பியிருப்பாள். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. திரையை அவள் பக்கம் திருப்பி, “அவன்தான்” என்றேன்.

அவள் கோலைத் தட்டி ஒரு காக்காயை ஓட்டினாள். பிறகு, “கடக்கரை ஜனம் அடிச்சிக்கும் புடிச்சிக்கும்னு எங்க அப்பா நெனச்சிடுவாருன்னு பயந்திருப்பாரு” என்றாள். உனக்காக அவளே ஒரு சமாதானம் தேடினாள், பார்த்தாயா? அதற்கப்புறம் சொன்னாள்: “எங்க வீட்லயும் அடி உண்டு அத்த. எங்கம்மா எங்கயும் போகல. அவ்ளோதான் வித்தியாசம்.”

அவள் முன்னாலேயே பழைய பிரதியைத் திறந்து, என் வரிகளை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். காரணம் எழுதச் சொல்லிக் கேட்டது. எழுத்துப்பிழை இல்லை என்று எழுதினேன். பச்சை விழும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பஸ் ஏறிப்போன பிறகு, இந்த ரெப்போவில் எழுதவும் திருத்தவும் உரிமை உள்ளவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தேன். நீ கட்டிக் கொடுத்த இடம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கட்டியவர் என்று முகப்பில் உன் பெயர் இருக்கிறது, இருக்கும். படகு கட்டிக் கொடுத்த ஆசாரி அதற்காகப் படகில் வந்து உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் போ அந்தப் பக்கம் போ என்று சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் அவள் உன்னைக் கேட்டிருக்கிறாள். நீ, “ஆட்டோமேஷன்ல ஏதாவது எரர் ஆயிருக்கும்” என்றிருக்கிறாய். அத்தை காட்டினாங்க என்று அவள் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சை விட்டிருக்கிறாய். பத்திரிகை இப்போது அடிக்க வேண்டாம், கொஞ்சம் போகட்டும் என்று அவள் சொன்னதற்கு நான் காரணம் என்று நினைக்கிறாய். நன்றாக யோசித்துப் பார். நீ எடுத்ததைக்கூட அவள் பொறுத்தாள். பொறுக்காதது, முகத்துக்கு நேராக நீ சொன்ன அந்தப் பொய்யை.

உன் நைனாவுக்காகச் செய்தேன் என்று நீ சொல்லக்கூடும். அதையும் தீர்த்துவிடுகிறேன். அந்தக் குறிப்பைப் போடுவதற்கு முன்னால் உன் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். முதலில் பதினொரு நாள் என்றுதான் எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் நிமிராமலேயே, “பதினொன்னு இல்ல, பன்னெண்டு” என்றார். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “நான் எண்ணிக்கினு இருந்தேன்” என்றார். அப்புறம், “போடு, நடந்ததுதான” என்றார். நீ யாரைக் காப்பாற்றுவதாக நினைத்தாயோ, அந்த மனுஷன் தன் கணக்கைச் சரியாகப் போடச் சொன்னவர். அவர் திருந்தியதையும் சேர்த்துத்தான் நீ எடுத்திருக்கிறாய்.

நான் எப்படித் திரும்பினேன் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. பசியாவரத்துக்கு அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை வந்தார். முதல் தடவை வெளியே கூப்பிட்டு, “தப்புதான், வா” என்று காதோரம் சொன்னார். “நாலு பேர் முன்னால அடிச்சிட்டு தனியா வந்து சொல்றியா?” என்று உள்ளே போய்விட்டேன். இரண்டாவது தடவை காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரமாகப் பார்த்து வந்து, அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னார். துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. இனி கை ஓங்கினால் போகிறவள் போகிறவள்தான் என்று சொல்லிவிட்டு நான் படகு ஏறினேன். அப்புறம் ஓங்கவில்லை.

என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொன்னால் நான் பெரிய யோக்கியக்காரி ஆகிவிடுவேன். நீ ஆறாவது படிக்கும்போது என் குடும்பம் என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். நீ எழுதியிருந்தாய்: “ஒருமுறை அம்மா கோபித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார். நான் தினமும் ஏரிக்கரைக்குப் போய்ப் படகு வருகிறதா என்று பார்த்தேன்.” நான் போனபோது உனக்கு ஆறு வயது. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நம்பவைத்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எல்லாம் தெரிந்துகொண்டு கரையில் நின்றிருக்கிறாய். அதைப் படித்ததும் உன்னைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். வாத்தியார் என்ன நினைப்பார் என்று அடுப்பில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வேறே எழுத வைத்தேன். என் தாய் அன்பானவர், என் தந்தை உழைப்பாளி. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கி வந்து காட்டினாய். நான் சந்தோஷப்பட்டேன். நடந்ததை எடுத்துவிட்டு அழகாக ஒன்றை வைத்தால் மதிப்பெண் வரும் என்று உனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அதனால் நீ செய்தது சரியாகிவிடாது. நான் கற்றுக் கொடுத்தது தப்பு என்று இப்போது நானே சொல்கிறேன், நீயும் விட்டுவிடு.

ஆகவே கேட்டுக்கொள். உனக்காகப் பரிந்து பேச நானோ நைனாவோ பொன்னேரிக்கு வர மாட்டோம். பெண் வீட்டுக்குப் போன் பண்ணி மழுப்ப மாட்டேன். என் குறிப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன், அதனால் கல்யாணமே நின்றாலும் சரி. எனக்கு மருமகள் வேண்டும், அந்தப் பெண்ணே வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. பொய்யைக் கொடுத்து அவளை வாங்கி வர எனக்கு மனசில்லை. நாளைக்கு உன் வீட்டில் ஏதாவது நடந்து, கீர்த்தனா படி இறங்கினால், நீ அதையும் எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவாயோ என்று அவள் பயப்படுகிறாள். பயப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது. நீ போ. தனியாகப் போ. அவள் அப்பா அம்மா இருக்கும்போது சொல். காதோரம் சொல்லாதே.

இதுவரை எழுதி வைத்தது புதன்கிழமை. இன்று சனிக்கிழமை. நடுவில் மேகம் போட்டதால் நெத்திலியை வாரிக் கட்டவும் திரும்பப் பரப்பவுமாக இரண்டு நாள் ஓடிவிட்டது. கடிதத்தை இன்னும் பதிவில் போடவில்லை, அதனால் உன் கண்ணில் படவும் இல்லை. காலையில் கீர்த்தனா கூப்பிட்டாள். “வந்தாரு அத்த” என்றாள். நேற்று மத்தியானம் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அவள் அப்பா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாராம். கூலியாட்கள் எல்லாம் இருந்தார்களாம். “நான்தான் எடுத்தேன், மெஷின் எடுக்கல. எங்கள கொறச்சலா நெனப்பீங்கன்னு எடுத்தேன். கேட்டப்ப பொய் சொன்னேன்” என்று அங்கேயே நின்று சொன்னாயாம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்திருக்கிறாய். இதைக் கேட்டபோது என் கையிலிருந்த கோல் நழுவி, காக்காய் ஒரு வாய் கொத்திக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ போய்ச் சொல்லிவிட்டதால் மேலே எழுதியதையெல்லாம் எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எடுக்கவில்லை. புதன்கிழமை எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. இருந்தது இருக்கட்டும். திருத்துகிறவர்கள் பட்டியலிலும் உன் பெயரைத் திரும்பச் சேர்க்கப் போவதில்லை. செய்த நல்லதுக்குக் கூலி கேட்காதே. உனக்கு எழுத வேண்டியது எதுவும் இருந்தால் மற்றவர்களைப் போலப் படிவத்தை நிரப்பி அனுப்பு, நான் பார்த்துச் சேர்க்கிறேன்.

“உங்கப்பா இன்னா சொன்னாரு?” என்று கீர்த்தனாவைக் கேட்டேன். “மொறத்த கீழ வெச்சிட்டு உள்ள போயிட்டாரு. எங்கம்மாதான் வந்து, அந்தப் பக்கத்தக் காட்டுன்னு போன வாங்கிச்சு. அங்கியே நின்னு படிச்சிது” என்றாள். படித்துவிட்டு என்ன சொன்னார்கள் என்றேன். பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டார்களாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்டார்களாம்: “அவங்க இல்லாத பன்னெண்டு நாளும் அவங்க வீட்ல யாரு சமைச்சா?”

சம்பந்தியம்மாவை இந்த வாரம் இங்கே கூட்டி வா. அவர் மட்டும் போதும், தட்டு வரிசை எதுவும் வேண்டாம். கேட்டதற்குப் பதிலை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். அதற்குள் அவசரமாகக் கேட்டால், நான் சொன்னதாக நீயே சொல்லிவிடு: யார் சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரைக்கும் நான் கேட்டதே இல்லை.